இசைவின் எல்லை: கிரேஞ்ச்மவுத் வட்டாரத்தில் எரிவாயுக் கிணறுகளுக்கு எழுந்த எதிர்ப்பு

கேள்வி

ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் நகரில் உள்ள பெட்ரோ ரசாயன ஆலையை மூடப்போவதாக இனியோஸ் நிறுவனம் 2013 அக்டோபர் 23 அன்று அறிவித்தது. சுமார் 800 பேரின் வேலை ஒரே நாளில் கேள்விக்குறியானது. சம்பள உயர்வு நிறுத்தம், ஓய்வூதிய முறை மாற்றம் உள்ளிட்ட நிபந்தனைகளை யூனைட் தொழிற்சங்கம் ஏற்றுக்கொண்ட பிறகு, இரண்டே நாளில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆலை பிழைப்பதற்கான வழியாக நிறுவனம் முன்வைத்தது, அமெரிக்க ஷேல் வயல்களில் கிடைக்கும் ஈத்தேனைக் கப்பலில் கொண்டுவரும் திட்டம். அதற்கு ஸ்காட்லாந்து அரசு 90 லட்சம் பவுண்டு மானியம் தந்தது; 23 கோடி பவுண்டு அளவுக்குப் பிரிட்டிஷ் அரசு கடன் உத்தரவாதம் தந்தது. ஐந்து மாதம் கழித்து, 2014 மார்ச்சில், கிரேஞ்ச்மவுத் அடங்கிய அதே ஃபால்கிர்க் வட்டாரத்தில் ஒரு பொது விசாரணை தொடங்கியது. ஏர்த், லெத்தம் மாஸ் சுற்றுவட்டாரத்தில் 14 இடங்களில் 22 கிணறுகள் தோண்டி நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க டார்ட் எனர்ஜி என்ற நிறுவனம் விண்ணப்பித்திருந்தது. அதற்கு 2,500-க்கும் மேற்பட்ட ஆட்சேப மனுக்கள் போயிருந்தன.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு புதிர் தெரியும். எரிவாயு, எண்ணெய், ரசாயனம் ஆகியவற்றையே நம்பி ஒரு நூற்றாண்டு வாழ்ந்த வட்டாரம், அந்த வாழ்வு ஏறக்குறைய கைநழுவிப் போன சில மாதங்களுக்குள், தன் நிலத்துக்கடியில் இருக்கும் எரிவாயுவை எடுக்க வேண்டாம் என்று ஏன் சொன்னது? தொழிலே இல்லாத ஊரும் பச்சை வயல் சூழ்ந்த ஊரும் மறுப்பதைப் புரிந்துகொள்வது எளிது. புகைபோக்கிகளுக்கு நடுவே வாழ்கிறவர்களின் மறுப்பு வேறு விளக்கம் கேட்கிறது. தொழில் வட்டார மக்கள் நெடுங்காலம் சுமந்த ஆபத்துக்கு அளித்த இசைவைப் புதிய ஆபத்துக்கும் அளித்த இசைவாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதும், தொழிலோடு வாழ்ந்த அனுபவமே அவர்களுடைய மறுப்புக்கு அறிவாதாரமாக அமைந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்கள்

இத்தகைய எதிர்ப்புகளுக்கு மூன்று விளக்கங்கள் வழக்கமாகத் தரப்படுகின்றன. நாட்டுக்கு நல்லதுதான், ஆனால் எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம் என்ற சுயநலம் என்பது முதலாவது. வெளியூர்ச் சூழலியல் அமைப்புகள் உள்ளூர் மக்களைத் தூண்டிவிடுகின்றன என்பது இரண்டாவது. நிலவியலும் பொறியியலும் தெரியாததால் வரும் பயம், பாடம் எடுத்தால் தெளிந்துவிடும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் பொதுவான ஓர் அனுமானம் உண்டு: எதிர்ப்பவரின் வாதத்தை வாதமாக எடுத்து எடைபோட வேண்டியதில்லை, அவர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்பதை மட்டும் கண்டுபிடித்தால் போதும்.

தமிழில் இந்தப் பொருளைப் பேச எடுத்தாலே காவிரிப் படுகைதான் நினைவுக்கு வரும். மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010-இல் ஒரு நிறுவனத்துக்கு அனுமதி தரப்பட்டதும், அதற்கெதிராக எழுந்த உழவர் போராட்டமும், 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் நாம் அறிந்தவை. ஏர்த்தில் கேட்கப்பட்டதும் அதே வகை எரிவாயுதான். ஆனால் காவிரிப் படுகையில் வாதம் நெல்லின் மீதும் நிலத்தடி நீரின் மீதும் நின்றது; காப்பாற்றத் தகுந்தது எது என்று அங்கே விரல் நீட்டிக் காட்ட முடிந்தது. அந்த வாதத்தை மட்டுமே அளவுகோலாக வைத்துக்கொண்டால், ஏற்கெனவே ஆலைகள் சூழ்ந்த இடத்துக்குக் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை என்ற முடிவுக்குத்தான் போய்ச் சேருவோம். கிரேஞ்ச்மவுத் வட்டாரத்தைப் படிப்பது இதனால்தான் அவசியமாகிறது.

நிலத்துக்கடியில்

நிலக்கரிப் படுகை மீத்தேனும் ஷேல் எரிவாயுவும் ஒன்றல்ல. முதலாவதில் பல நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கும் நிலக்கரி அடுக்குக்குள் கிணறு இறக்கி, அடுக்கின் போக்கிலேயே பக்கவாட்டில் துளைத்துச் செல்வார்கள். அடுக்கில் தேங்கியிருக்கும் நீரை இடைவிடாமல் இறைப்பார்கள். நீர் குறையக் குறைய அழுத்தம் தளர்ந்து, நிலக்கரியில் ஒட்டியிருக்கும் மீத்தேன் பிரிந்து மேலே வரும். இரண்டாவதில் இறுகிய ஷேல் பாறைக்குள் நீர், மணல், ரசாயனக் கலவையை உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்க வேண்டும். ஏர்த் திட்டத்தில் இந்த விரிசல் முறை தேவைப்படாது என்பது டார்ட் எனர்ஜி திரும்பத் திரும்பச் சொன்ன வாதம். அந்த அளவில் அது உண்மையும்கூட.

எதிர்த்தவர்களின் கவனம் வேறிடத்தில் இருந்தது. இறைக்கும் நீர் உப்பும் கரைந்த உலோகங்களும் கொண்டது. அதைச் சுத்திகரித்து ஃபோர்த் கழிமுகத்தில் விடுவது திட்டம். அதைவிட முக்கியம், இது பழைய சுரங்கங்கள் நிறைந்த பூமி. நூற்றாண்டுகளாக நிலக்கரி வெட்டிய குழிகளும் கைவிடப்பட்ட சுரங்கவாய்களும், இயற்கையாகவே அமைந்த பிளவுகளும் இங்கே பின்னிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் நீர்மட்டத்தைக் கீழே இழுத்தால் வாயு எந்த வழியாக எங்கே வெளிப்படும் என்பதற்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை என்பதே அவர்கள் ஆட்சேபத்தின் சாரம். பொது விசாரணையில் நிலத்தடி நீரியல் நிபுணர்களிடையே நடந்த வாக்குவாதமும் இதைச் சுற்றியதே. இதை அறியாமையால் வந்த பயம் என்று எப்படி ஒதுக்குவது? சுரங்கம் மூடிய பின் தரை அமிழ்வதையும் நீர் ஊறுவதையும் வாயு கசிவதையும் தலைமுறைகளாக அறிந்த ஊர்களிலிருந்து வந்த கேள்வி அது.

ஷேல் பற்றிய பேச்சு இதற்குப் பின்னாலேயே வந்தது. ஸ்காட்லாந்தின் மத்தியப் பள்ளத்தாக்கில் 49.4 முதல் 134.6 டிரில்லியன் கனஅடி வரை, நடு மதிப்பீடாக 80 டிரில்லியன் கனஅடி, ஷேல் எரிவாயு இருக்கலாம் என்று பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகம் 2014 ஜூனில் மதிப்பிட்டது. இது பாறைக்குள் இருக்கும் மொத்த அளவு. எடுக்கக்கூடிய அளவு எவ்வளவு என்பது சோதனைக் கிணறுகள் தோண்டாமல் தெரியாது. நாளிதழ்த் தலைப்புகளில் இந்த வேறுபாடு எளிதில் கரைந்துபோகும். அந்த ஆகஸ்டில், டார்ட் விண்ணப்பித்த நிலப்பரப்பை உள்ளடக்கிய அதே உரிமத்தின் ஷேல் பங்கில் 51 விழுக்காட்டை இனியோஸ் வாங்கியது. நிலக்கரி மீத்தேன் ஒரு முன்வாசல், உள்ளே வரப்போவது ஷேல் என்று எதிர்ப்பாளர்கள் சொல்லிவந்தபோது அது மிகைப்படுத்தல் என்று சொல்லப்பட்டது. விசாரணை அமர்வுகள் நடந்து சில மாதங்களுக்குள் உரிமத்தின் கைமாற்றமே அந்தச் சந்தேகத்துக்கு அடிப்படை இருந்ததைக் காட்டிவிட்டது.

வட்டாரத்தின் நினைவு

இந்தப் பகுதியின் எண்ணெய்த் தொழில் வரலாறு ஷேலில்தான் தொடங்குகிறது. ஜேம்ஸ் யங் 1850-இல் காப்புரிமை பெற்று, 1851-இல் பாத்கேட்டில் கனிம எண்ணெய் ஆலையைத் தொடங்கினார். பின்னர் மேற்கு லோதியனில் எண்ணெய் ஷேலை வெட்டியெடுத்து, உலையில் சூடாக்கி எண்ணெய் வடிக்கும் பெருந்தொழில் வளர்ந்தது. 1962 வரை அது நீடித்தது. அதன் எச்சமாகச் செந்நிறக் கசடுக் குன்றுகள் இன்றும் நிற்கின்றன. வெஸ்ட் கால்டர் அருகே ஐந்து குன்றுகள் கொண்ட ஒரு தொகுதி பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாகவே ஆகிவிட்டது. 1947-இல் பர்ன்கிரேஞ்ச் ஷேல் சுரங்கத் தீ விபத்தில் 15 பேர் இறந்தார்கள். கிரேஞ்ச்மவுத் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1924-இல் அங்கே வந்ததற்குத் துறைமுகம் ஒரு காரணம். ஷேல் எண்ணெய்த் தொழிலில் பழகிய கைத்திறன் பக்கத்திலேயே கிடைத்தது இன்னொரு காரணம். இந்த வரலாற்றை ஆதரவாளரும் எடுத்துக்கொள்ளலாம்: ஷேல் உங்களுக்குப் புதிதல்லவே என்று கேட்கலாம். வெட்டியெடுத்த ஷேலும் விரிசலிட்டு உறிஞ்சும் எரிவாயுவும் தொழில்நுட்பத்தில் வெகு தூரத்தவை என்பது ஒரு பதில். லாபம் காலி செய்துவிட்டுப் போன பிறகும் கசடு அங்கேயே இருக்கிறது என்பது அதைவிட அழுத்தமான பதில்.

ஆலையின் நினைவும் அப்படியே. 1987 மார்ச் 13 அன்று தீ விபத்தில் இருவர் இறந்தார்கள். ஒன்பது நாள் கழித்து மார்ச் 22 அன்று ஹைட்ரோகிராக்கர் அலகு வெடித்து ஒருவர் இறந்தார். 2000-ஆம் ஆண்டில் மே இறுதிக்கும் ஜூன் நடுவுக்கும் இடையில் மின்தடை, நீராவிக் குழாய் உடைப்பு, தீ என்று மூன்று சம்பவங்கள் இரண்டு வாரத்துக்குள் நடந்தன. அவை தொடர்பான வழக்கில் அப்போது ஆலையை நடத்திய பி.பி. நிறுவனத்துக்கு 2002-இல் 10 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. நகரக் காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்பு மீறியதால் 2005-இல் ஃபால்கிர்க் மன்றம் கிரேஞ்ச்மவுத்தைக் காற்றுத்தர மேலாண்மைப் பகுதியாக அறிவித்தது. இத்தனைக்கும் பிறகு ஆலையை மூடு என்று நகரம் கேட்கவில்லை. சம்பளம் வந்தது, சங்கம் இருந்தது, ஆபத்து எங்கிருக்கிறது என்று தெரிந்தது, வேலிக்கு உள்ளே எது வெளியே எது என்ற எல்லை இருந்தது. மக்களின் இசைவு இந்த நிபந்தனைகளோடு வந்த இசைவு. தோட்டப்புறங்களிலும் சிற்றூர்களிலும் சிதறி அமையும் கிணறுகளுக்கு வேலி கிடையாது; அவற்றை நடத்துவோர் உள்ளூர்க்காரர்களை அதிகம் வேலைக்கு எடுக்கப்போவதும் இல்லை. விபத்து எப்படி நடக்கும், பழுதை அதிகாரிகள் எத்தனை நாள் கழித்துச் சொல்வார்கள் என்பதெல்லாம் இந்த மக்களுக்குப் பழகிய விஷயம் என்பதால்தான் கண்காணிப்பு பலமாக இருக்கும் என்ற உறுதிமொழி இங்கே எடுபடவில்லை.

சாசனம்

ஃபால்கிர்க் வட்டார எதிர்ப்பில் என் கணிப்பில் மிக முக்கியமானது, 2013-இல் உருவான சமூகச் சாசனம். ஸ்காட்லாந்தில் ஊர் மன்றங்கள் 1973-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் அமைபவை. அவற்றுக்கு அதிகாரம் மிகக் குறைவு. கருத்துச் சொல்லும் உரிமை மட்டும் உண்டு. லார்பர்ட், ஸ்டென்ஹவுஸ்மியூர் பகுதி மன்றமும் அக்கம்பக்கத்து மன்றங்களும் குடியிருப்போர் குழுவினரும் சேர்ந்து, தங்கள் வட்டாரத்தின் சொத்துகள் எவை என்று மக்களிடமே கேட்டுத் தொகுத்தார்கள். காற்று, நீர், விளைநிலம் போன்ற கண்ணுக்குத் தெரியும் சொத்துகளோடு, ஊரார் இணக்கம், உள்ளூர் உணவின் மீதான நம்பிக்கை போன்ற தொட்டுக் காட்ட முடியாதவையும் பட்டியலில் இடம்பெற்றன. இந்தச் சொத்துகளுக்குக் கேடு செய்யாது என்று நிரூபிக்கும் பொறுப்பு திட்டத்தைக் கொண்டுவருபவருடையது என்பது சாசனத்தின் நிலைப்பாடு. அது பொது விசாரணையில் சாட்சியமாகவே தாக்கல் செய்யப்பட்டது.

சாசனத்துக்குச் சட்ட வலு இல்லை. அதனால் அது வெறும் உணர்ச்சிக் காகிதம் என்று தள்ளுகிறவர்கள் அது செய்த காரியத்தைக் கவனிக்கவில்லை. திட்ட அனுமதிச் சட்டம் ஒரு விண்ணப்பத்தின் தீங்குகளைத் தனித்தனியாகப் பிரித்துவிடும்: இரைச்சல் இவ்வளவு, லாரிப் போக்குவரத்து இவ்வளவு, கழிவுநீர் இவ்வளவு, ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருக்கிறது, ஆகவே சரி. ஏற்கெனவே சுமை ஏறிய வட்டாரத்தில் இந்தக் கணக்கு எப்போதும் தவறாகவே வரும். ஒவ்வொரு புதிய சுமையும் பூஜ்யத்திலிருந்து எடைபோடப்படுகிறது. சாசனம் மொத்தச் சுமையைப் பேச ஒரு மொழியைத் தந்தது. 2014 செப்டம்பரில் இனியோஸ், ஷேல் வருவாயில் 6 விழுக்காட்டை உள்ளூருக்குத் தருவதாக அறிவித்தது: கிணற்றுக்கு நேர் மேலே உள்ள வீட்டுக்காரர்களுக்கும் நில உரிமையாளர்களுக்கும் 4, சுற்றுவட்டாரச் சமூகத்துக்கு 2. தாராளமான தொகைதான். ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு அது பதிலாகவில்லை. விலை என்ன என்று யாரும் கேட்டிருக்கவில்லை. தீர்மானிப்பது யார் என்றே கேட்டிருந்தார்கள்.

மூன்று மறுப்புகள்

ஸ்காட்லாந்து அரசு 2015 ஜனவரி 28 அன்று இவ்வகை எரிவாயுத் திட்டங்களுக்கான அனுமதிகளை நிறுத்திவைத்தது. ஏர்த் பொது விசாரணையில் தீர்ப்பு வருமுன்பே இந்த நிறுத்தம் குறுக்கிட்டது. இந்த எரிவாயு எடுப்பு குறித்து 2017 ஜனவரி முதல் மே வரை அரசு நடத்திய கருத்துக்கேட்பில் 60,535 பதில்கள் வந்தன; 99 விழுக்காடு எதிர்ப்பு. இங்கே முதல் மறுப்பு எழுகிறது: இவற்றில் 52,110 பதில்கள் இயக்கங்கள் தயாரித்த படிவங்களும் கையெழுத்து மனுக்களும்தான். இது உண்மை, 99 என்ற எண்ணை மக்கள் கருத்தின் அளவாகக் காட்டுவது சரியாகாது என்பதை ஏற்கவேண்டும். கருத்துக்கேட்பு வாக்கெடுப்பு கிடையாது. ஆனால் இதை வைத்து உள்ளூர் எதிர்ப்பு இட்டுக்கட்டப்பட்டது என்று சொன்னால் அது நிற்காது. செல்லுபடியாகும் ஸ்காட்லாந்து அஞ்சல் குறியீடு தந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், இந்த எரிவாயு கிடைக்கக்கூடியவை என்று கருதப்பட்ட 13 உள்ளாட்சிப் பகுதிகளில் வசிப்பவர்கள். ஏர்த்தின் ஆட்சேப மனுக்களோ இந்தக் கருத்துக்கேட்புக்கு ஆண்டுகள் முந்தியவை.

இரண்டாவது மறுப்பு வேலை பற்றியது. இந்த எரிவாயு எடுப்புக்கு ஆதரவில்லை என்று பின்னர் வந்த அரசின் முடிவை ஜி.எம்.பி. தொழிற்சங்கம் கடுமையாகச் சாடியது. யூனைட் சங்கமோ விரிசல் முறைக்கு எதிரான நிலை எடுத்தது. தொழிலாளர் தரப்பு ஒரே குரலில் பேசவில்லை என்பதை இரு தரப்பும் மறைக்கக் கூடாது. அரசு கேட்டுப் பெற்ற பொருளாதார ஆய்வின் நடு மதிப்பீட்டில், உச்சக் கட்டத்தில் சுமார் 1,400 வேலைகள் கிடைக்கும். நாட்டின் மொத்த உற்பத்தியில் சராசரியாக 0.1 விழுக்காடு கூடும். வேலை இல்லாத ஊருக்கு இது சிறிய எண்ணிக்கை இல்லை. ஆனால் உச்சக் கட்டம் வந்து போய்விடும். துளையிடும் குழுக்கள் ஊர் ஊராக நகர்பவை. பொதுச் சுகாதார ஆய்வு, உடல்நலத் தீங்கு உண்டு என்றோ இல்லை என்றோ தீர்மானிக்கப் போதிய சான்று இல்லை என்று சொல்லி முன்னெச்சரிக்கையைப் பரிந்துரைத்தது. நிலையற்ற பலனையும் தெளிவற்ற தீங்கையும் தராசில் வைக்கும்போது, தீங்கு யார் தலையில் விழுமோ அவர்கள் சொல்லுக்குக் கூடுதல் எடை தருவது நியாயமே.

மூன்றாவதுதான் கடினமானது. 2016 செப்டம்பர் 27 அன்று அமெரிக்க ஷேல் ஈத்தேனின் முதல் கப்பல் ஃபோர்த் கழிமுகத்துக்குள் வந்தது. பென்சில்வேனியாவில் விரிசலிட்டு எடுத்ததை இறக்குமதி செய்து பிழைத்துக்கொண்டு, அதே வேலையைத் தன் மண்ணில் மறுப்பது எந்த அறம் என்ற கேள்வியை நிறுவனமும் கேட்டது, தொழிற்சங்கங்களில் ஒரு பகுதியும் கேட்டது. இதன் ஒரு பாதி உண்மைச் செய்தியாலேயே விழுந்துவிடுகிறது. ஆலையில் எத்திலீன் தயாரிக்கும் பிளப்பு உலைக்குத் தீனி ஈத்தேன். ஏர்த்தில் கேட்கப்பட்ட நிலக்கரிப் படுகை வாயுவோ ஏறக்குறைய முழுவதும் மீத்தேன். அது வீட்டு அடுப்புக்கும் மின் நிலையத்துக்கும் உதவும், எத்திலீன் செய்ய உதவாது. ஸ்காட்லாந்து ஷேலில் ஈத்தேன் போதிய அளவு கிடைக்கும் என்பதும் நிரூபணமாகாத எதிர்பார்ப்பே. கிணறு தோண்டினால் கப்பல் நின்றுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கேள்வியின் மறு பாதி அப்படியே நிற்கிறது: பென்சில்வேனியாவின் சிற்றூர்க்காரர்கள் சுமக்கும் தீங்கில் கிரேஞ்ச்மவுத்தின் நலன் கலந்திருக்கிறது. ஆனால் இந்த வாதத்தை அதன் முடிவுவரை கொண்டுபோனால் கிடைப்பது, அந்த இறக்குமதியையும் கேள்வி கேட்கவேண்டும் என்பதுதான். ஓரிடத்தில் நடக்கும் தீங்கு, இன்னோரிடத்திலும் அதைச் செய்வதற்கு உரிமம் ஆகாது. கப்பல் திட்டத்தை முடிவுசெய்தவர்கள் நிறுவனமும் அரசுகளும். ஏர்த் வாசிகளிடம் கேட்கப்பட்டது கிணறு பற்றி மட்டும். கேட்டதற்குப் பதில் சொன்னவர்களிடம், கேட்கப்படாததற்கும் கணக்குக் கேட்கிறது இந்த மறுப்பு.

தடையின் தன்மை

இவ்வகை எரிவாயு எடுப்புக்கு ஆதரவில்லை என்று 2017 அக்டோபர் 3 அன்று அரசு எடுத்த நிலையை அந்த மாதமே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 91-க்கு 28 என்ற வாக்குகளில் ஏற்றது. எங்கும் அது தடை என்றே பேசப்பட்டது. இனியோஸ் நீதிமன்றம் போனபோது, அரசுத் தரப்பு வழக்கறிஞரே சட்டப்படி தடை எதுவும் இல்லை என்று வாதிட்டார். 2018 ஜூன் 19 அன்று நீதிபதி பென்ட்லண்ட் பிரபுவும் அதையே தீர்ப்பாகச் சொன்னார். அமைச்சர்கள் மேடையில் சொன்னதும் அரசு நீதிமன்றத்தில் சொன்னதும் வேறுவேறு என்பது, இந்த வெற்றியைக் கொண்டாடியவர்கள் மறக்கக் கூடாத செய்தி. ஆதரவில்லை என்ற கொள்கை 2019 அக்டோபரில் இறுதியானது. 2023 பிப்ரவரியில் நான்காவது தேசியத் திட்டமிடல் கட்டமைப்பிலும் இடம்பெற்றது. அதில் விரிசல் முறையோடு, நிலக்கரிப் படுகை மீத்தேனுக்காக நீர் இறைப்பதும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. விரிசல் இல்லை, ஆகவே கவலை இல்லை என்ற நிறுவன வாதத்துக்கு எதிராக ஃபால்கிர்க் ஊர் மன்றங்கள் நிறுத்திய ஆட்சேபம் ஒரு நாட்டின் திட்டமிடல் ஆவணத்தில் ஏறியது இப்படித்தான். கொள்கையை வேறொரு அரசு மாற்றலாம் என்பதும் உண்மையே.

இதற்கிடையில் 2025 ஏப்ரல் 29 அன்று கிரேஞ்ச்மவுத் சுத்திகரிப்பு ஆலை கச்சா எண்ணெய் சுத்திகரிப்பை நிறுத்தியது. 400-க்கும் மேற்பட்ட வேலைகள் போயின. ஷேலை மறுத்த பாவம் இது என்று சொல்லக் கேட்கலாம். அந்த ஆலை ஓடியது கச்சா எண்ணெயில்; அதன் எந்த அலகும் ஏர்த் மீத்தேனுக்காகக் காத்திருக்கவில்லை. இனியோஸும் பெட்ரோசைனாவும் சேர்ந்து நடத்திய நிறுவனம், நட்டக் கணக்கைக் காட்டி எடுத்த வணிக முடிவு அது. 22 கிணறுகளுக்கு ஊர் மக்கள் ஆட்சேப மனுப் போட முடிந்தது, விசாரணை அதிகாரியின் முன் சாட்சி சொல்ல முடிந்தது, நிறுவனத்தின் நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்ய முடிந்தது. ஒரு நூற்றாண்டு ஓடிய ஆலை மூடப்பட்டபோது அதே மக்களுக்கு அப்படி ஓர் அமர்வு கிடையாது. அவர்கள் மனுப் போட்டு நிறுத்தக்கூடிய முடிவாக அது சட்டத்தில் இல்லை.